பத்து சென்டிமீட்டர்

எப்சிபா சிஸ்டர் நீட்டும் தாளில்
ஒரு கோடு இருக்கும்.
பத்து சென்டிமீட்டர்.
இடது முனையில்: பசியே இல்லை.
வலது முனையில்: இதைவிடப் பசிக்க முடியாது.
நடுவில் எங்காவது
குறுக்கே ஒரு கீறல் போடச் சொல்வார்.

ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில்
பதினெட்டு வருஷமாக மேல்தோல் வெட்டுகிறேன்.
அரை மில்லிமீட்டர் தவறினால்
சூப்பர்வைசர் துண்டைத் தூக்கி எறிவான்.
அளவு எனக்குப் புதிதில்லை.
பசியை அளந்ததுதான் இல்லை.

படிவம் பதினான்கு பக்கம், தமிழில்தான்.
குடலில் ஊறும் ஒரு சுரப்பைப் போலவே செய்த மருந்து,
இன்னும் ஆய்வில் இருப்பது,
வயிறு நிறைந்துவிட்டதென்று மூளைக்குச் சொல்வது.
சாப்பிடாமலே சொல்லுமா என்றேன்.
நாலு வாய் போனதும் சொல்லும் என்றார்.
உங்களுக்கு வருவது மருந்தா, வெறும் தண்ணியா
எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.
அப்புறம் யாருக்குத்தான் தெரியும்?
சிஸ்டர் மேலே கையைக் காட்டினார்.
மேலே என்றால் மூன்றாம் மாடி,
கம்ப்யூட்டர் அறை.

வேலைக்குப் போகப் பாலாற்றைத் தாண்டணும்,
ஊசிக்குப் போக வேண்டாம்.
மேல்விஷாரத்தில் ஏறினால் நேரே வேலூர்.
வியாழன்தோறும் அரைநாள் சம்பளம் போகும்,
முந்நூறு ரூபாய் பயணப்படி வரும்.
தொப்புளைச் சுற்றி
வாரத்துக்கு ஒரு திசையாக ஊசி.
அங்கே என் பெயர் நூற்றுப் பதினேழு.

முதல் மாதம் குமட்டல்.
கத்திரிக்காய் வதங்கும் வாடை
தெருமுனையிலிருந்தே துரத்தியது.
பிறகு ஒருநாள் மூன்று மணிக்கு,
பசை நெடிக்கு நடுவே
தினமும் வந்து வயிற்றைப் பிராண்டும் அது
வரவில்லை.
கீறல் இடப்பக்கம் நகர்ந்தது.
நாலில், இரண்டில்.
ஒரு வியாழன் முனையைத் தாண்டி
வெளியே போட்டுவிட்டேன்.
கோட்டுக்குள்ளே போடுங்கம்மா என்றார்.

தண்ணியில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.
அவருக்கும் தெரிந்திருக்கும்.
இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

பதினோரு கிலோ.
மோதிரம் கழன்று புளிக்கரைசலில் விழுந்தது.
மிச்சப் பெண்டாட்டி எங்கே என்று
ஜக்கரியா கட்டிலுக்கடியில் குனிந்து தேடினார்.

அதற்குள் ரமலான்.
ஊசி போட்டால் நோன்பு முறியுமா?
பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஆள்விட்டுக் கேட்டோம்.
முறியாது என்று பதில் வந்தது.
இன்னொரு கேள்வியும் இருந்தது.
அதைக் கேட்டனுப்பவில்லை.

தாகம் இருந்தது. பொய் சொல்லக்கூடாது,
வேலூர் வெயில், உதடு வெடித்தது.
ஆனால் ஐந்து மணிக்கு
பேரீச்சம்பழத்தை நினைத்து நாக்கு ஊறவில்லை.
வீடே பாங்குக்குக் காதைத் தீட்டியபோது
நான் கஞ்சிக் கோப்பைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்,
பந்திக்கு வந்த வெளியாள் மாதிரி.
முகத்தில் வாட்டமே இல்லையே, மாஷா அல்லாஹ்
என்றாள் எதிர்வீட்டு சபுரா.
இரவல் நகையைப் புகழ்ந்ததுபோல் இருந்தது.

கையில் இல்லாத காசை
உண்டியலில் போட்டேன், முப்பது நாளும்.

நாற்பத்தெட்டு வாரம் முடிந்து மருந்து நின்றது.
யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்று சொல்ல
இன்னும் ஒன்றரை வருஷமாம்.
மற்ற ஊர்க்காரர்களும் முடிக்கணுமாம்.

ஆறாவது வாரம், மூன்று மணிக்கு,
வந்தது.
கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.
ஏசவும் இல்லை,
உட்கார் என்று சொல்லவும் இல்லை.
கடைசிப் பரிசோதனையில் நாலு கிலோ கூடியிருந்தது.
சிஸ்டர் எடையை எழுதிவிட்டு
பேனாவை மூடாமல் கொஞ்சநேரம் வைத்திருந்தார்.

இப்போது திங்களும், ஊசி நாளாயிருந்த வியாழனும்
நோன்பு வைக்கிறேன்.
களாவா, எந்த வருஷத்துக் கடன்
என்கிறார் ஜக்கரியா.
எனக்கும் தெரியாது,
டாக்டருக்கும் தெரியாது என்கிறேன்.

நேற்று, பாங்குக்கு இன்னும் நேரமிருக்க,
கழித்துப்போட்ட தோல் துண்டில்
சில்வர் பேனாவால் ஒரு கோடு இழுத்தேன்.
எட்டரையில் கீறினேன்.
பின்னால் வந்து நின்ற சூப்பர்வைசர்
இது என்ன சைஸ் என்றான்.